பூங்காவுக்குள் ஒரு குளியலறை

வீட்டில் ஒரே ஒரு குளியலறைதான், அதுவும் மாடியில். இருபத்திரண்டு வருடங்களாகத் தையல்காரிக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. கணவர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பத்து மாதம் கடலில் கிடப்பவர். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். காலையில் எழுந்து, மாடியிலேயே குளித்து, கீழே இறங்கி அவசர அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் இருக்கும் தையல் கடையைத் திறக்க ஓடிவிடுவாள். மாடிப்படி பதினான்கு என்று அவள் எண்ணிப் பார்த்ததே அக்கா வந்த பிறகுதான்.

அக்கா கணக்கு டீச்சர். ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது பள்ளிக்கூட வராந்தாவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்த டாக்டர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், படியேறுவதை மட்டும் மறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவள், மூன்றாவது மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தவள். வேறு வழி? தங்கை வீட்டு முன்னறையில் கட்டில் போட்டாயிற்று.

கட்டில் போட்டுவிடலாம். மற்றதற்கு என்ன செய்வது? நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை வாங்கிச் சமையலறை மூலையில் வைத்து, பழைய படுக்கை விரிப்பில் திரை தைத்துத் தொங்கவிட்டாள் தையல்காரி. முப்பத்தைந்து வருடம் வகுப்புகளை ஒற்றைப் பார்வையில் அடக்கிய அக்கா, அந்தத் திரைக்குப் பின்னால் போகும்போதெல்லாம் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்வாள். தங்கை வைப்பாள். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கொத்தனார் வந்து பின்பக்கத்தைப் பார்த்தார். சமையலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே பன்னிரண்டு அடி இருந்தது. ஆறுக்கு எட்டில் ஒரு குளியலறை தாராளமாக வரும் என்றார். "பத்து நாள் வேலைம்மா. அனுமதி மட்டும் வாங்கிடுங்க, அது சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

அந்தச் சம்பிரதாயம் நான்கு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. 'தங்கள் மனையின் பின்பகுதி பூங்கா மண்டலத்தில் அமைவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' கீழே ஒரு கையெழுத்து, அதன்மேல் ஒரு முத்திரை.

தையல்காரி கடிதத்தோடு பின்கதவைத் திறந்து பார்த்தாள். துணி காயப்போடும் கொடி, துவைக்கிற கல், பாதி காய்ந்த செம்பருத்தி ஒன்று. இதைப் பூங்கா என்றால் அந்தச் செடிக்கே சிரிப்பு வரும். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கேயும் பூங்கா இல்லை. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரிகள் ஏழெட்டு, எண்ணெய் சொட்டிய மண்ணில் வரிசையாக நின்றன.

நகரத் திட்ட அலுவலகத்தில் கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண் கெட்டவள் இல்லை. கம்ப்யூட்டர் திரையை இவள் பக்கம் திருப்பியே காட்டினாள். தெருவில் வரிசையாகப் பதினொரு வீடுகள், எல்லாம் மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்பு. வீடுகளின் பின்பாதியில் ஒரு மெல்லிய கோடு ஓடியது. கோட்டுக்கு அப்பால் பச்சை. தையல்காரியின் வீட்டில் கோடு சரியாகச் சமையலறையின் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் போனது. அடுப்பு மஞ்சளில், துணிக்கொடி பச்சையில்.

பூங்கா எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இனிமேல் வரும் என்றாள் கவுன்டர் பெண். எப்போது என்று கேட்டதற்கு, திட்டத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறோமே என்றதற்கு, இருப்பதை யாரும் இடிக்கச் சொல்லவில்லை, புதிதாகக் கட்டத்தான் கூடாது என்றாள். பிறகு கொஞ்சம் மனமிரங்கி, இரண்டு வழி சொன்னாள். மண்டலத்தையே மாற்றச் சொல்லி மனுப் போடலாம். அதற்கு இரண்டு வருடம் ஆகும். இல்லையென்றால், பூங்காவுக்குப் பொறுப்பான துறையிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வந்தால் விதிவிலக்குக் கேட்கலாம்.

இரண்டு வருடம் அக்காவை ரேடியோவுக்குப் பின்னால் உட்கார வைக்க முடியாது. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த பூங்காத் துறைக்குப் போனாள்.

அங்கே இருந்த எழுத்தர் நிதானமான மனிதர். தடிமனான பதிவேட்டைப் புரட்டி, தெருவின் பெயரை மூன்று விதமாக எழுதிப் பார்த்து, அப்படி ஒரு பூங்கா தங்களிடம் இல்லை என்றார். தையல்காரிக்கு அப்பாடா என்று இருந்தது. அதையே எழுதித் தரச் சொன்னாள்.

"எதைம்மா எழுதித் தர?"

"பூங்கா இல்லைன்னு."

"இருக்கிற பூங்காவுக்குத்தானே ஃபைல் இருக்கும். இல்லாத பூங்காவுக்கு நான் எந்த ஃபைல்ல எழுதுறது?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். திட்ட அலுவலகம் கடிதம் மூலம் கேட்டால் பதில் போடுவோம் என்றார். திட்ட அலுவலகத்தில் கேட்டால், அப்படிக் கடிதம் எழுதும் வழக்கம் இல்லை, மனுதாரர்தான் வாங்கி வர வேண்டும் என்றார்கள். இப்படி இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே பந்தாக உருண்டதில் இரண்டு மாதம் ஓடிப்போனது. கடையில் துணி மலையாகக் குவிந்தது. ரவிக்கை கொடுத்தவர்கள் வாசலில் நின்று வைதுவிட்டுப் போனார்கள். தையல்காரிக்குப் பேருந்தின் நடத்துனரே பழக்கமாகிவிட்டார். எந்த ஆபீஸ் இன்றைக்கு என்று கேட்டுத்தான் டிக்கெட் கிழித்தார்.

ஒரு மத்தியானம் அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, அக்கா மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். வாக்கர் கீழே சாய்ந்து கிடந்தது. முகம் வெளுத்திருந்தது. தானே ஏறிக் குளித்துவிட்டு வந்துவிடலாம் என்று பார்த்தாளாம். மூன்று படிக்கு மேல் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஒன்றரை மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தங்கை பயத்தில் பொரிந்து தள்ளிவிட்டாள். இன்னொரு தரம் விழுந்தால் யார் பார்ப்பது, டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லையா, இந்த வயதில் என்ன வீம்பு என்று கத்தித் தீர்த்தாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, எல்லா அறையோடும் குளியலறை உண்டாம், விசாரித்து வைத்திருக்கிறேன் என்றாள்.

"எதுக்கு?"

"எனக்குன்னு ஒரு தாழ்ப்பாள் வேணும்டி. அவ்வளவுதான். உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லை."

தையல்காரி குனிந்து வாக்கரை நிமிர்த்தி வைத்தாள். அக்காவை மெல்ல இறக்கிக் கட்டிலில் விட்டாள். பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து கொத்தனாருக்குப் போன் போட்டாள். அனுமதி வந்துவிட்டதா என்று கேட்டார். நாளைக்குக் காலையில் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கடப்பாரை விழுந்த இரண்டாம் நாளே ஆய்வாளர் வந்துவிட்டார். யாரும் போட்டுக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. வாசலில் கொட்டியிருந்த மணல் தெருமுனை வரைக்கும் சேதி சொன்னது. ஆய்வாளர் பள்ளத்தைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், அக்காவுக்கு வணக்கம் சொன்னார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், வாசல் கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டினார். 'பூங்கா மண்டலத்தில் அனுமதியற்ற கட்டுமானம். பணி உடனடியாக நிறுத்தப்படுகிறது.' கொத்தனார் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சமையலறைக் கதவைத் திறந்தால் இப்போது நேராகப் பள்ளம்.

நோட்டீஸை முழுக்கப் படித்தது அக்காதான். கட்டிலில் இருந்தபடியே அதை உரித்துக்கொண்டு வரச் சொன்னாள். உரிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றாள் தங்கை. அப்படியானால் பார்த்து எழுதிக்கொண்டு வா என்றாள். தங்கை வாசலில் நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்க, ஒரு வரி விடாமல் எழுதி வந்தாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள். நோட்டீஸ் பெற்றவருக்குப் பதினைந்து நாளில் நேரடி விசாரணை கோரும் உரிமை உண்டு. அதற்கு முன் தொடர்புடைய எல்லா ஆவணங்களையும் பார்வையிடலாம்.

"ஒழுங்கா மனுப் போட்டப்போ ஒருத்தரும் கூப்பிட்டுப் பேசலை," என்றாள் அக்கா. "தப்புப் பண்ணின உடனே உட்கார வச்சுப் பேசுறாங்க. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா முதல் நாளே தோண்டியிருக்கலாம்."

மூன்று மாதத்தில் தையல்காரி சிரித்தது அன்றைக்குத்தான். அதுவும் அழுகையில் கொண்டுபோய் விட்டது.

ஆவணங்களைப் பார்வையிட அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் வரைபட அறைக்கு அனுப்பினார்கள். ஜன்னல் இல்லாத நீளமான அறை. தட்டையான இழுப்பறைகள். ஒரு வரைவாளர் தனியாக உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு தன்னைத் தேடி யாரும் வருவதில்லை என்றார். அவள் கேட்ட வரைபடத்தை உற்சாகமாகவே எடுத்து மேசையில் விரித்தார். பதினேழு வருடத்துக்கு முன்னால் அங்கீகரித்த மூல வரைபடம் அதுதான். கம்ப்யூட்டரில் இருப்பது இதைப் பார்த்து ஏற்றியது.

தையல்காரி குனிந்து தன் தெருவைத் தேடினாள். அரிசிமணி அளவுக்குப் பதினொரு கட்டங்கள். அவற்றின் பின்னால் பூங்காவின் எல்லைக் கோடு.

பார்த்ததும் நிமிர்ந்துவிட்டாள். கம்ப்யூட்டரில் முடிபோல் ஓடிய கோடு இங்கே கறுப்பாக, தடிமனாக, மொத்தமான மார்க்கர் பேனாவால் இழுத்ததுபோல் கிடந்தது. இருபது வருடம் சாக்கட்டியால் துணியில் கோடு போட்டவள் அவள். மொட்டைச் சாக்கட்டியால் போட்ட கோட்டுக்கு இரண்டு ஓரம் உண்டு. எந்த ஓரத்தில் கத்தரி வைப்பது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றி வெட்டினால் தோள் பிடிக்கும். புதிதாக வேலைக்கு வந்தவள் ஒருத்தி அப்படித்தான் ஒரு கல்யாணத்துக்கு ஒன்பது சட்டையைப் பாழாக்கினாள்.

"இந்தக் கோடு எவ்வளவு கனம் சார்?"

வரைவாளர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர். வரைபடத்தின் அளவு ஒன்றுக்கு ஐயாயிரம்.

அவள் அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா யோசிக்கக்கூட இல்லை. "ஒரு மில்லிமீட்டர்னா தரையில அஞ்சு மீட்டர். பதினாறு அடிக்கு மேல. ஏன்?"

பின்முற்றம் பன்னிரண்டு அடி. அவளுடைய துணிக்கொடி, கல், செம்பருத்தி, பள்ளம், சமையலறையில் நாலு அடி, எல்லாம் கோட்டுக்குள்ளேயே அடக்கம். பூங்காவும் இல்லை, வீடும் இல்லை. வெறும் மை.

கம்ப்யூட்டரில் ஏற்றியவர் கோட்டின் எந்த ஓரத்தைப் பிடித்தார் என்று கேட்டாள். வரைவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். பிறகு தானாகவே எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். வரைபடத்தோடு சேர்த்து அங்கீகரித்த திட்டப் புத்தகம். ஒவ்வொரு மண்டலத்தின் எல்லையும் அதில் வார்த்தையில் இருந்தது. 'பூங்காவின் வடக்கு எல்லை: தெருவிலுள்ள வீட்டு மனைகளின் பின்புற மதில்.'

மதில். அவள் வீட்டு மதில். அதற்கு இந்தப் பக்கம் முழுக்க மஞ்சள்.

விசாரணை நாளன்று தானும் வருவேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அவள் நிலைமையில் அது பெரிய விஷயம்தான் என்று தங்கை சொன்னதை அவள் ரசிக்கவில்லை. வண்டி பிடித்து, வாக்கரை மடித்துப் போட்டு, இருவரும் போய் இறங்கினார்கள். விசாரணை இரண்டாவது மாடியில் என்றார்கள். லிப்ட் பழுது. அக்கா வாசலிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தான் படி ஏறக் கூடாது என்றும், அதனால்தான் வந்திருப்பதாகவும், யார் விசாரிக்க வேண்டுமோ அவர் இறங்கி வரலாம் என்றும் கவுன்டர் பெண்ணிடம் சொன்னாள். டீச்சர் குரல். அந்தப் பெண் தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

அரைமணி கழித்துத் திட்ட அதிகாரி ஃபைலோடு இறங்கி வந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அனுமதி இல்லாமல் தோண்டியது குற்றம் என்று ஆரம்பித்தார். தோண்டியது தப்புதான் என்று தையல்காரி முதலிலேயே ஒப்புக்கொண்டாள். பிறகு வரைபடத்தின் நகலையும் புத்தகத்தின் பக்கத்தையும் அவர் முன்னால் வைத்துக் கோட்டின் கனத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. அக்கா பையிலிருந்து ஸ்கேலை எடுத்து நீட்டினாள். அவர் அளந்தார். புத்தகத்தின் வரியைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். கவுன்டர் பெண்ணைக் கூப்பிட்டுத் திரையைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். அங்கே கோடு சமையலறை ஜன்னலிலேயே இருந்தது. வீட்டுப் பக்கத்து ஓரத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வெட்டக் கூடாத ஓரம்.

"கம்ப்யூட்டர்ல அப்படி இருந்ததால..." என்று இழுத்தார் அதிகாரி.

அதுவரை பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்த தையல்காரிக்கு அங்கேதான் கோபம் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"மூணு மாசமா நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான் சார். கோடு எங்க போகுதுன்னு. புத்தகம் உங்க கட்டடத்துலயேதான் இருந்துச்சு. பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் இல்லாததால என் அக்கா சமையல்கட்டுல திரை கட்டி உட்கார்ந்திருக்கா."

அப்படிச் சொன்ன பிறகுதான், பத்துப் பதினைந்து பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. அக்காவைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அக்கா தலைகுனியவில்லை. அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் குனிந்துகொண்டார்.

நோட்டீஸை ரத்து செய்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். அனுமதியையும் அப்படியே கொடுத்துவிடுங்கள் என்றதற்கு, பழைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டதால் புது விண்ணப்பம் போட வேண்டும் என்றார். தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு படிவம் வாங்கி, அக்காவின் மடிமேல் ஃபைலை வைத்து, நின்றபடியே நிரப்பினாள். ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது. கொத்தனார் சொன்ன பத்து நாள் பதினெட்டாக நீண்டது. குளியலறை எழும்பியது. அக்கா முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்ட சத்தம் தையல்காரிக்கு அடுப்படியில் தெளிவாகக் கேட்டது. முக்கால் மணி நேரம் அவள் வரவில்லை. வந்ததும், குழாய் நாலு விரல் அதிக உயரத்தில் இருக்கிறது என்று குறை சொன்னாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பின்பக்கம் ஓர் அறை போட மனுக் கொடுத்திருந்தாராம். பூங்கா மண்டலம் என்று திருப்பிவிட்டார்கள்.

தையல்காரிக்கு நம்ப முடியவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். கவுன்டர் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோட்டைத் திருத்தித்தான் இருந்தார்கள், உத்தரவுப்படி. உத்தரவில் ஒரு வீட்டு எண்தான் இருந்தது. ஆகவே பூங்காவின் எல்லை ஐந்து வீடுகளின் சமையலறை வழியாக நேராக வந்து, இவள் வீட்டுக்கு மட்டும் மதில் வரைக்கும் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்து, மிச்ச ஐந்து வீடுகளின் சமையலறை வழியாகப் போனது. மற்றதைத் தானாகத் திருத்த விதி இல்லையாம். அவரவர் மனுப் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒரு குயர் வெள்ளைத் தாளும் புதுப் பேனாவும் வாங்கி வரச் சொன்னாள். பத்து வீட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராக முன்னறைக்குக் கூப்பிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, மனை எண் கேட்டு, முத்து முத்தான கையெழுத்தில் பத்து மனு எழுதினாள். முதியோர் இல்லத்தின் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

திங்கட்கிழமை தையல்காரி பத்து மனுவையும் அடுக்கிக் கவுன்டரில் வைத்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"எல்லாத்துலயும் ஒரே விஷயம்தானே இருக்கு?"

"ஆமாம்மா. அதான் ஒண்ணாக் கொண்டு வந்தேன்."

கவுன்டர் பெண்ணுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஒரு டோக்கனுக்கு ஒரு மனுதான் வாங்க முடியும் என்றாள். தையல்காரி மனுக்களை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், டோக்கன் இயந்திரத்தின் பொத்தானைப் பத்து முறை அழுத்தினாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் டோக்கன்களை வரிசையாக மனுக்களோடு சேர்த்துப் பின் குத்திவிட்டு, சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.